தீக்குச்சி முனையளவு

நான் இஸ்திரி போட்டால் மடிப்பு ஒரு வாரத்துக்குக் கலையாது. பெருமைக்குச் சொல்லவில்லை, எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். சட்டையில் முதலில் காலர், அதிலும் உள்பக்கம்தான் முதலில். பிறகு தோள், பிறகு கை, கடைசியில் உடம்பு. இந்த வரிசை தெரியாதவர்கள் ஒரு சுருக்கத்தைத் துரத்திக்கொண்டு அரை மணி நேரம் மல்லுக்கட்டுவார்கள். என் தங்கை கண்ணாடிக் கடைக்கு வேலைக்குப் போன பத்து வருஷமும் அவளுடைய சட்டைகளை நான்தான் தேய்த்துக் கொடுத்தேன். கடையில் கொடுத்த நீலச் சட்டை, மொத்தம் ஐந்து.

நீங்கள் கேட்டது பழுப்பு பாட்டிலைப் பற்றி. அதற்கும் வருகிறேன், ஐயா. நான் எதையும் பூசி மெழுகப் போவதில்லை. என்னை யாரும் பிடித்துக்கொண்டு வரவில்லை, இந்த ஸ்டேஷனுக்கு நானாக நடந்து வந்தவன். ஆனால் சட்டையில் ஆரம்பிக்காமல் நேராக பாட்டிலுக்குப் போனால் என்னை வேறு மாதிரி ஆளாக எடுத்துக்கொள்வீர்கள்.

வீட்டில் நாங்கள் இரண்டே பேர். எனக்கும் அவளுக்கும் பதினொரு வயது வித்தியாசம். அவளுக்கு ஒன்பது வயதிருக்கும்போது அம்மா போய்விட்டாள், அப்பா அதற்கும் முன்னாலேயே. நான் அவளைச் சின்னவள் என்று கூப்பிடுவேன், அதனால் தெருவுக்கே அவள் சின்னவள். அவளுக்குத் தலை பின்னக் கற்றுக்கொண்டேன். பள்ளிக்கூடத்தில் கையெழுத்துப் போட்டேன். எனக்கென்று ஒரு குடும்பம் வேண்டாம் என்று விட்டுவிட்டேன். தங்கச்சிக்காகவே வாழ்கிற மனுஷன் என்று சொந்தக்காரர்கள் சொல்லும்போது நான் மறுத்ததில்லை. கேட்க நன்றாகத்தான் இருந்தது.

எனக்கு வேலை ஓர் ஆராய்ச்சி நிலையத்தில், பூச்சி வீட்டில். கேட்டால் சிரிப்பார்கள், ஆனால் அப்படித்தான் அதற்குப் பெயர். முட்டைக்கோஸ் தின்னும் வெள்ளைப் பட்டாம்பூச்சிகளை வளர்க்கிறோம். காலையில் புழுத் தட்டுகளில் எச்சத்தைப் பெருக்கி எடுப்பது, புது இலை வைப்பது, வலைக் கூண்டுக்குள் பஞ்சில் சர்க்கரைத் தண்ணீர் நனைத்து வைப்பது, இலையின் அடிப்பக்கம் திருப்பி முட்டைகளை எண்ணிச் சொல்வது. முட்டை மஞ்சளாக, ஊசி முனை போல நிமிர்ந்து நிற்கும். இருபது வருஷமாக எண்ணுகிறேன். எங்கள் மேடம் பெரிய படிப்புப் படித்தவர், ஆனால் முட்டைக் கணக்கில் என் கண்ணைத்தான் நம்புவார்.

சின்னவளுக்கு இருபத்தேழு வயதில் ஒரு காய்ச்சல் வந்தது. பத்து நாளில் காய்ச்சல் இறங்கிவிட்டது, ஆனால் மூக்கு திரும்பவில்லை. எந்த வாசனையும் தெரியவில்லை. காபிக் கொட்டையை முகர வைத்தேன், பூண்டை நசுக்கிக் காட்டினேன், தைல பாட்டிலை மூக்கடியில் நீட்டினேன். அவள் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டி இல்லை என்றாள், பிறகு அழுதாள். நரம்பு போய்விட்டது, வந்தால் வரும் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

அதிலிருந்து அவளுக்கு மூக்கு நான். பால் கெட்டுவிட்டதா என்று நான்தான் சொல்ல வேண்டும். அடுப்பில் எதுவும் தீய்கிறதா, துவைத்த துணி ஈர நாற்றம் அடிக்கிறதா, எல்லாம் நான். அவள் கடையில் செய்த வேலை என்னவென்றால், வருகிறவர்களின் முகத்துக்குக் கண்ணாடிச் சட்டத்தைப் பொருத்துவது. மூக்கில் எங்கே அழுத்துகிறது, காதுக்குப் பின்னால் எவ்வளவு வளைய வேண்டும் என்று பார்க்க, முகத்துக்கு நேரே ஒரு சாண் தூரத்தில் குனிய வேண்டும். அதனால் அவளுக்குத் தன்மேல் வேர்வை வாடை வந்துவிடுமோ என்று பயம். தினமும் காலை ஏழே முக்காலுக்கு, கிளம்பும் முன்பு, என் முன்னால் வந்து மணிக்கட்டை நீட்டுவாள். "அண்ணா, கொஞ்சம் பாரு" என்பாள். நான் மணிக்கட்டை முகர்வேன், காலர் பக்கம் குனிந்து முகர்வேன், ஒண்ணுமில்ல, போய்ட்டு வா என்பேன். அவள் உச்சி குளிர்ந்து போவாள்.

அந்த ஒரு வருஷம் என் வாழ்க்கையிலேயே நான் மிகவும் சந்தோஷமாக இருந்த வருஷம். இதையும் டைப் அடிக்கிறவர் விடாமல் அடிக்கட்டும்.

அப்புறம் லென்ஸ்காரர் வந்தார். அதே கடையின் பின்னறையில் லென்ஸைச் சட்டத்துக்கு ஏற்றபடி தேய்த்துக் கொடுப்பவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஒரு பை ஆரஞ்சுப் பழத்தோடு வீட்டுக்கு வந்து, செருப்பை வாசலில் நேராக ஜோடி சேர்த்து விட்டுவிட்டு உள்ளே வந்தார். பேச ஆரம்பிக்கும் முன்பு என் கண்ணாடி ஒரு பக்கம் இறங்கியிருப்பதைப் பார்த்தார். சட்டைப் பையிலிருந்து சின்னத் திருப்புளியை எடுத்து, கேட்காமலே சரி செய்து, துடைத்து, என் கையில் கொடுத்தார். அவரிடம் குறை சொல்ல எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. தேடினேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

"உங்க தங்கச்சியைக் கட்டிக்கணும்னு ஆசை. அவங்களுக்கும் சம்மதம்தான். அடுத்த வருஷம் என்னை வேற ஊர்க் கிளைக்கு மாத்திடுவாங்க. அதுக்கு முன்னாடி முடிச்சுட்டா நல்லாயிருக்கும்" என்றார்.

சின்னவள் சமையலறையில் நின்றுகொண்டு ஒரே தட்டை மூன்று தடவை கழுவிக்கொண்டிருந்தாள். எனக்கு யோசிக்கக் கொஞ்சம் நாள் வேண்டும் என்று சொல்லி அனுப்பினேன். அன்றைக்கு முழுக்க அவள் பாட்டை முணுமுணுத்துக்கொண்டே வீட்டைப் பெருக்கினாள். வேறு ஊரில் இவளுக்குப் பால் கெட்டிருக்கிறதா என்று யார் சொல்வார்கள் என்பதுதான் என் யோசனையாக இருந்தது.

இனி பாட்டில். அதே மாதத்தில் மேடம் ஒரு சோதனை தொடங்கியிருந்தார். எங்கள் வெள்ளைப் பட்டாம்பூச்சியில் ஆண், பெண்ணோடு சேர்ந்த பிறகு அவள் மேல் ஒரு மணத்தை விட்டுவிட்டுப் போகும். அதன் பிறகு வேறு ஆண்கள் பக்கத்தில் வந்தாலும் விலகிப் போய்விடும். அந்த மணத்தில் இரண்டு பொருள். ஒன்று வலித் தைலத்தில் இருப்பது. எல்லா வீட்டிலும் உண்டு, அதைக் கண்டு மனுஷர் யாரும் ஓடுவதில்லை. இன்னொன்றின் பெயர் இண்டோல். வெள்ளையாகச் செதில் செதிலாக இருக்கும், உப்பு மாதிரி. பூச்சியில் மட்டும் இல்லை, மல்லிகையில் இருக்கிறது, எலுமிச்சைப் பூவில் இருக்கிறது. மலத்திலும் இருக்கிறது, பிணத்திலும் இருக்கிறது. மேடம் ஒரு செதிலை ஆயிரம் மடங்கு கரைத்து என்னிடம் நீட்டினார்; பூந்தோட்டம் போல இருந்தது. பிறகு பாட்டிலைத் திறந்து காட்டினார்; நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். ரெண்டும் ஒண்ணுதான், அளவுலதான் எல்லாம் இருக்கு என்று சிரித்தார்.

இன்னும் ஆணையே பார்க்காத பெண் பூச்சிகளின் மேல் அதை மெல்லிய தூரிகையால் தொட்டு வைக்கும் வேலை என்னுடையது. வைத்துவிட்டுக் கூண்டுக்கு வெளியே உட்கார்ந்து பார்த்தேன். ஆண் படபடத்துக்கொண்டு வரும், ஒரு விரற்கடை தூரத்தில் நிற்கும், திரும்பிப் போய்விடும். அடுத்தது வரும், அதுவும் போய்விடும். அந்தப் பெண் இலையில் இறக்கையை மூடிக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தது. இதனால பெண் பூச்சிக்கு என்ன லாபம்னா, அதைத் தொந்தரவு பண்ண யாரும் வரமாட்டாங்க, நிம்மதியா இருக்கும் என்று மேடம் சொன்னார். நிம்மதி என்பது அவர் வாயிலிருந்து வந்த வார்த்தை. நானாகச் சேர்க்கவில்லை.

பூச்சியில் அதைப் பெண் மேல் வைத்துவிட்டுப் போவது யார் என்று நீங்கள் இப்போது கேட்டீர்கள். நான் சொன்னதிலேயே பதில் இருக்கிறது. அண்ணன் தங்கைக்கு நடுவில் அந்தக் கேள்வி அசிங்கம், ஐயா. அதை எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

முதல் தடவை ஒரு தீக்குச்சி முனையளவுதான் எடுத்து வந்தேன். காகிதத்தில் மடித்து, பேனா மூடிக்குள் வைத்து. சாராயத்தில் கரைத்து, தேய்த்து ஆறிய நீலச் சட்டையின் காலர் உள்மடிப்பிலும் அக்குளுக்குக் கீழே தையலிலும் தடவி, காய விட்டு, மடித்து வைத்தேன். சட்டை மடிப்பில் இருக்கும்போது ஒன்றும் தெரியாது. உடம்புச் சூடு ஏறினால்தான் அது எழும். கடைக்குப் போய்ச் சேர்ந்து, குனிந்து நிமிர்ந்து வேலை செய்ய ஆரம்பித்த பிறகு. காலை ஏழே முக்காலுக்கு அவள் மணிக்கட்டை நீட்டியபோது ஒண்ணுமில்ல என்று நான் சொன்னது பொய் இல்லை. அந்த நேரத்தில் ஒன்றுமில்லை.

இது ஒரு ஆறு மாதத்துக்கு என்றுதான் நினைத்தேன். லென்ஸ்காரர் மனம் மாறிப் போய்விட்டால் நிறுத்திவிடலாம் என்பது என் எண்ணம். ஆனால் அவர் அசையவில்லை. பேருந்தில் சின்னவள் பக்கத்து இருக்கை காலியாகவே வர ஆரம்பித்தது. கடையில் வருகிறவர்கள் முகத்தைப் பின்னால் இழுத்துக்கொண்டார்கள். இவர் மட்டும் சாப்பாட்டு நேரத்தில் அவள் எதிரில் உட்கார்ந்து, வழக்கம்போலச் சாப்பிட்டார். மூன்றாவது மாதம் முதலாளியம்மா அவளைத் தனியாகக் கூப்பிட்டு, காதும் காதும் வைத்தாற்போல விஷயத்தைச் சொன்னார். தப்பா எடுத்துக்காதே, ஒரு டாக்டரைப் பாரு என்று நல்லபடியாகத்தான் சொல்லியிருக்கிறார்.

சின்னவள் அன்று வீட்டுக்கு வந்து கைப்பையைக்கூடக் கீழே வைக்காமல் என்னிடம் கேட்டாள். எனக்கு அவளைப் பார்க்கப் பாவமாக இருந்தது. இல்லை என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் முதலாளியம்மா பொய் சொல்கிறார் என்று ஆகிவிடும், அது நியாயமில்லை. அதனால் உண்மையைச் சொன்னேன்.

"கொஞ்சம் இருக்கு, சின்னவளே. எனக்கு அது ஒண்ணும் பெரிசாத் தெரியல. நான் கூடவே இருக்கேன்ல."

அவள் என் தோளில் முகத்தை வைத்து அழுதாள். எவ்வளவு நாளா இருக்கு, நீ ஏன் சொல்லல என்று கேட்டாள். உன் மனசு கஷ்டப்படும்னுதான் என்றேன். உலகத்தில் தன்னைப் பார்த்து முகம் சுளிக்காத ஒரே ஆள் அண்ணன்தான் என்று அவள் சொன்னது அன்றைக்குத்தான். அதன் பிறகு எனக்கு நிறுத்துகிற எண்ணம் வரவில்லை.

லென்ஸ்காரரை அவளே வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவர் வீட்டு வாசல் வரை வந்து, நான் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறேன், எத்தனை நாளானாலும் பரவாயில்ல என்று கதவுக்கு வெளியே நின்று பேசினார். அவள் கதவைத் திறக்கவில்லை. என்னைக் கட்டிக்கிட்டு அவர் ஏன் மூச்சைப் பிடிச்சுக்கிட்டு வாழணும் என்று என்னிடம் சொன்னாள். அடுத்த மாதம் அவர் வேறு ஊர்க் கிளைக்குப் போய்விட்டார்.

டாக்டர்களிடம் நான்தான் கூட்டிப் போனேன். எத்தனை பேர் என்று உங்கள் மேசையில் இருக்கிற அவளுடைய ஆஸ்பத்திரிக் கோப்பில் இருக்கும். பல் டாக்டர் ஒன்றும் இல்லை என்றார். இவள் விடாமல் கெஞ்சி இரண்டு கடைவாய்ப் பற்களைப் பிடுங்கிக்கொண்டாள். நல்ல பற்கள். ஆறு மாதம் கழித்து வேறு ஒரு பல் டாக்டரிடம் இன்னும் இரண்டு. வயிற்று டாக்டர் குழாய் விட்டுப் பார்த்தார். தோல் டாக்டர் களிம்பு கொடுத்தார். டாக்டரிடம் போகிற நாளில் மட்டும் நான் சட்டையைச் சும்மா தேய்த்துக் கொடுப்பேன். அவர்கள் நாலு பேரைப் பார்க்கிறவர்கள், அவர்களுக்கு எதற்கு இடைஞ்சல் என்று. அதனால் எந்த டாக்டருக்கும் எந்த வாசனையும் வரவில்லை. கடைசியில் ஒருவர் இது உடம்பில் இல்லை, மனசில் இருக்கிறது என்று எழுதி மாத்திரை கொடுத்தார். இப்படி ஒரு நோய் உண்டாம், தன் உடம்பு நாறுகிறது என்று நம்பிக்கொண்டே இருப்பது.

அன்று சின்னவள் ஆஸ்பத்திரிப் படியில் இறங்கும்போது சிரித்தாள். இரண்டு வருஷத்துக்குப் பிறகு. மனசுல தாண்ணா, வேற ஒண்ணும் இல்லையாம், நீயும் எனக்காகத்தான் ஆமாம்னு சொல்லியிருக்கே என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். மறுநாள் புதுத் தெம்போடு கடைக்குக் கிளம்பினாள். நான் இரவே சட்டையைத் தேய்த்து வைத்திருந்தேன். அன்றைக்கு ஏழு வயதுப் பெண் குழந்தை ஒன்று முதல் கண்ணாடி போட்டுக்கொள்ள அம்மாவோடு வந்திருக்கிறது. சின்னவள் குனிந்து அதன் காதுக்குப் பின்னால் சட்டத்தை மாட்டியபோது, குழந்தை மூக்கைப் பொத்திக்கொண்டு, அம்மா, இந்த அக்கா மேல கக்கூஸ் நாத்தம் அடிக்குது என்று சொல்லியிருக்கிறது. குழந்தைக்கு என்ன மனசில் நோய். சின்னவள் அந்தக் கண்ணாடியை முழுதாகச் சரி செய்து கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தாள். பிறகு கடைக்குப் போகவில்லை.

வீட்டிலேயே இருக்கிறாளே, பிறகு எதற்கு என்று கேட்கிறீர்கள். முதலாளியம்மா வந்து பார்ப்பார். பக்கத்து வீட்டு அக்கா வருவார். சொந்தத்தில் யாராவது எட்டிப் பார்ப்பார்கள். அவர்கள் வந்து ஒன்றுமில்லையே, நன்றாகத்தானே இருக்கிறாய் என்று சொல்லிவிட்டுப் போனால், மறுபடி முதலிலிருந்து நம்பிக்கை, மறுபடி ஒரு குழந்தை, மறுபடி அழுகை. அதை அவளுக்கு இன்னொரு தடவை கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. வீட்டு உடுப்பையும் நானே தேய்த்தேன்.

இதில் ஒரு தப்பு நடந்தது. தப்பு என்றால் வேலையில் தப்பு. இந்தப் பொருளோடு தினமும் புழங்குகிறவன் மூக்குக்கு நாளாக ஆக அது பழகிப் போய்விடும். எனக்கு எப்போது பழகியது என்றே தெரியவில்லை. காலரில் தடவி முகர்ந்து பார்ப்பேன், போதவில்லை என்று தோன்றும், இன்னும் கொஞ்சம் எடுப்பேன். தீக்குச்சி முனை போய்க் காது குடையும் கரண்டி ஆகி, கடைசியில் டீஸ்பூன் ஆகியிருந்தது. எனக்கு அப்போதும் பூ வாசனை அளவுதான் என்று நினைப்பு. அலுவலகத்தில் சாப்பாட்டு மேசையில் ஆட்கள் என்னைத் தாண்டிப் போய் உட்கார ஆரம்பித்ததை, எனக்குப் பதவி உயர்வு கிடைத்த பொறாமை என்று எடுத்துக்கொண்டேன்.

அதைக் கண்டுபிடித்தது மனுஷர் இல்லை, பூச்சிகள். கூண்டில் முட்டை குறைந்தது. இருநூறு வர வேண்டிய இலையில் முப்பது, பிறகு பத்து, பிறகு ஒன்றுமே இல்லை. மேடம் முட்டைக்கோஸ் விதையை மாற்றினார், விளக்கை மாற்றினார், சர்க்கரையைக்கூட மாற்றினார். பெண்கள் அத்தனையும் இலையில் இறக்கையை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். ஆண்கள் வரும், திரும்பிப் போகும். என் கையிலிருந்தது வலை முழுக்க, தட்டு முழுக்க ஏறியிருந்தது. இருபது வருஷம் வளர்த்த பூச்சிகள். வெறும் இலையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டு நான் கூண்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன். மேடம் என் தோளில் கை வைக்கக் குனிந்தவர், வைக்காமல் நிமிர்ந்து, நேராக அலமாரிக்குப் போய்ப் பழுப்பு பாட்டிலை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். மூடி சரியாக இல்லை, சிந்திவிட்டது என்றேன். அவர் பாட்டிலைத் தன் மேசை டிராயரில் வைத்துப் பூட்டினார். கொஞ்ச நாள் லீவில் இருங்க என்றார். நீங்கள் அவரிடம் வாங்கிய வாக்குமூலத்தில் இதெல்லாம் இருக்கும்.

சின்னவள் அதற்குள் சாப்பாட்டைக் குறைத்திருந்தாள். முதலில் வெங்காயம், பூண்டை விட்டாள். பிறகு முட்டை, பால். எதில் நாற்றம் வருகிறதோ தெரியவில்லையே என்று ஒவ்வொன்றாக. கடைசியில் சாதமும் வெந்நீரும், பிறகு அதிலும் பாதி. ஒரு நாளைக்கு ஐந்து தடவை குளிப்பாள். தோல் வெடித்து ரத்தம் கசியும். குளித்துவிட்டு வந்து, ஈரக் கையோடு என் முன்னால் மணிக்கட்டை நீட்டுவாள். முப்பத்தெட்டு கிலோவுக்கு இறங்கிவிட்டாள். ஒரு புதன்கிழமை குளியலறையில் விழுந்து கிடந்தாள். ஆம்புலன்ஸைக் கூப்பிட்டதும் நான்தான். இதையும் மறக்காமல் எழுதச் சொல்லுங்கள்.

ஆஸ்பத்திரியில் அவர்கள் உடுப்பைக் கொடுத்துவிட்டார்கள். இரண்டாம் நாளே நர்ஸ் அவள் கட்டிலிலேயே உட்கார்ந்து தலை வாரி விட்டார். சின்னவள் பயந்து பயந்து, என்மேல ஏதாவது வாசனை வருதா சிஸ்டர் என்று கேட்டாள். மருந்து வாசனைதான் வருது, வேற என்ன என்று அவர் சிக்கெடுத்துக்கொண்டே சொன்னார். அன்று ஒரு கிண்ணம் கஞ்சி குடித்தாள். மூன்றாம் நாள் இரண்டு கிண்ணம். ஐந்தாம் நாள் முட்டை கேட்டாள். இதயம் ரொம்ப பலவீனமா இருக்கு, ஆனா இப்படியே சாப்பிட்டா தேறிடுவாங்க என்று டாக்டர் என்னிடம் சொன்னார். ஆறாம் நாள் லென்ஸ்காரர் வந்துவிட்டார். முதலாளியம்மா போன் செய்திருக்கிறார். அவர் இன்னும் கல்யாணம் செய்துகொள்ளவில்லை.

அவர் நாற்காலியைக் கட்டிலோடு ஒட்டிப் போட்டு உட்கார்ந்தார். அவள் கன்னம் ஒட்டிப்போனதில் பழைய கண்ணாடி நழுவியது. அதைக் கழற்றி, வளைத்து, மறுபடி போட்டுப் பார்த்தார். மூன்று தடவை. இதற்கு ஒரு தடவை போதும் என்று எனக்கே தெரியும். அவள் சிரித்துக்கொண்டு முகத்தைக் காட்டிக்கொண்டிருந்தாள். ஒரு வாரத்துல விடறாங்களாம், எங்க அக்கா வீட்டுல வச்சுப் பார்த்துக்கறோம், தேறினதும் கல்யாணம் வச்சுக்கலாம், நீங்களும் வந்துடுங்க என்று என்னைப் பார்த்துச் சொன்னார். மரியாதையாகத்தான் சொன்னார்.

அந்த நேரத்தில் சின்னவள் குளிருது அண்ணா, வீட்டிலிருந்து என் சால்வையை எடுத்துட்டு வா என்றாள். நான் போய் எடுத்து வந்தேன். வீட்டில் மீதி இருந்தது அத்தனையும் அதில்தான் போனது. கழுத்து வரைக்கும் நன்றாகப் போர்த்திவிட்டேன். கால் மணி நேரம் ஆகியிருக்கும். ஊசி போட வந்த நர்ஸ் குனிந்தவர் சட்டென்று நிமிர்ந்து, புறங்கையால் மூக்கை மறைத்தார். சின்னவள் அதைப் பார்த்துவிட்டாள். லென்ஸ்காரர் நகரவில்லை. எனக்கு ஒண்ணும் தெரியல, சத்தியமா ஒண்ணும் தெரியல என்றார். அவர் கண்ணில் தண்ணீர் கோத்திருந்தது. அவள் அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தாள், பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"அண்ணா, நீ சொன்னா நம்புறேன். இருக்கா?"

எனக்கு அந்தப் பொருள் மூக்கில் ஏறி ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. அந்த வார்டில் எனக்கு எந்த வாசனையும் தெரியவில்லை, மருந்து வாசனையைத் தவிர.

"இருக்கு" என்றேன்.

அவள் தலையை ஆட்டினாள். லென்ஸ்காரரைப் போய்விடச் சொன்னாள். அதன் பிறகு கஞ்சி வந்தது, முட்டை வந்தது, அவள் வாயைத் திறக்கவில்லை. குழாய் வைத்தார்கள், பிடுங்கிப் போட்டாள். நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். அதற்கு நாலாம் நாள் விடியற்காலை, அவள் கை என் கையில் இருக்கும்போதே இதயம் நின்றுவிட்டது.

இதெல்லாம் முடிந்து ஐந்து வாரம் ஆகிறது. பாட்டில் மேடத்திடம் இருக்கிறது. சட்டைகளைக் கொளுத்திவிட்டேன், சால்வை அவளோடு போய்விட்டது. எனக்கு அந்த மூக்கும் செத்துவிட்டது. ஆனால் தினமும் காலை ஏழே முக்காலுக்கு என் முகத்துக்கு நேரே பூ வாசனை வருகிறது, ஐயா. லேசாக, ஆயிரம் மடங்கு கரைத்த மாதிரி. ஒரு மணிக்கட்டு அளவு உயரத்தில் வந்து நிற்கிறது. நான் குனியும் வரைக்கும் போவதில்லை. குனிந்தால் ஒன்றுமில்லை என்று சொல்ல வேண்டியிருக்கிறது. வாய்விட்டுச் சொன்னால்தான் விலகுகிறது. எனக்குப் பயமாக இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளிலும் வருகிறது, அன்றைக்கெல்லாம் அவளுக்கு வேலை கிடையாது. வேறு கட்டடத்தில், வேறு ஆட்களோடு இருந்தால் வராது என்று நினைத்துத்தான் இங்கே வந்தேன். செய்தது தப்பு என்று சொல்ல வரவில்லை. அவளை நான் அடித்ததில்லை, அதட்டியதுகூட இல்லை. கடைசி வரைக்கும் அவள் என்னைத்தான் நம்பினாள்.

கையெழுத்துப் போடும் முன்பு ஒரு இடத்தை மட்டும் திருத்திவிடுங்கள். சால்வையை அவள் கேட்டதாகச் சொன்னேன். அன்று வார்டில் நல்ல புழுக்கம். அவள் என்னைக் கூப்பிட்டது ஃபேனைப் போடச் சொல்லி.